ஒழுங்கையில் நடப்பவரிடமும் கேளுங்கள்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஓர் ஒழுங்கைக்குத் தார் போடுவதா, கொங்கிறீட் போடுவதா என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். சனசமூக நிலைய வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். மாரியில் எந்த வளவுத் தண்ணீர் எந்த வளவுக்குள் பாய்ந்தது, மதகை அடைத்தவர் யார், மதிலை அரை அடி முன்னுக்குத் தள்ளிக் கட்டியவர் யார் என்று மூன்று தலைமுறைக் கதை வெளியே வரும். ரொறன்ரோவில் இருப்பவர் தன் பங்குக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். வட்டார உறுப்பினர் எல்லோருக்கும் தலையாட்டுவார்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அதே ஒழுங்கையால் ஒருவர் கடைக்குப் போய்த் திரும்பி வருவார். இப்படி ஒருவர் இல்லாத குறிச்சி குறைவு. முப்பது வயது கடந்தவர். டவுண் சின்ட்ரோமோடு பிறந்தவர். காலையில் பாண், பின்னேரம் அம்மாவுக்கு மருந்து, இடையில் சந்தியில் கொஞ்ச நேரம் நிற்பு. அந்த ஒழுங்கையைக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் கடக்கிற எங்களைவிட, நாளுக்கு நாலு தரம் கால்நடையாகப் போய்வருகிற அவருக்கு அதன் மேடு பள்ளம் அதிகம் தெரியும். எந்த வளைவில் வாகனம் சத்தமில்லாமல் வரும், எந்த வீட்டு நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும், எங்கே தண்ணீர் நின்று பாசி பிடிக்கும் என்பதெல்லாம் அவருடைய அன்றாடப் பாடம். ஆனாலும் ஒருவரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்ற கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கேட்கலாம் என்பதே எவருக்கும் தோன்றுவதில்லை. "பாவம், வாயில்லாப் பிள்ளை" என்ற ஒரு வரியில் ஊர் அவருடைய கணக்கை முடித்துவிடுகிறது.

டவுண் சின்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகிய எல்லாம் வளர்ச்சிக் குறைபாடுகள்; பிறப்பிலோ சிறுவயதிலோ தொடங்கி வாழ்நாள் முழுவதும் கூடவருபவை. ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு உள்ளவை. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவரின் நாக்கும் கையும் சொல்வழி கேளாமல் இருக்கலாம். புத்தி எங்களைப் போலவே, சிலவேளை எங்களைவிடக் கூராக, வேலை செய்துகொண்டிருக்கும். ஊர்ப் பார்வையில் இவர்கள் எல்லோரும் ஒரே "சுகமில்லாத பிள்ளைகள்". ஐம்பது வயதானாலும் பிள்ளைகள்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே ஒரு படிநிலை உண்டு என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும் சக்கர நாற்காலியில் இயங்குவோரும் நீண்ட காலம் போராடித் தங்களுக்கென ஒரு குரலை உருவாக்கிக்கொண்டார்கள். 2024 நவம்பரில் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்றபோது, பார்வைப்புலனற்ற ஒருவர் முதன்முதலாக அந்த அவையில் அமர்ந்தார். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இயங்குகிறது; கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது; சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. இவற்றால் பயன்பெற்றவர்களில் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் உண்டு. மேடையில் ஏறி உரிமை பேச அவர்களால் முடியும். வளர்ச்சிக் குறைபாடு உள்ளோர் விடயத்தில் மேடை ஏறுவது எப்போதும் இன்னொருவர்: தாய், ஆசிரியை, மருத்துவர், நிறுவனத் தலைவர், அல்லது நன்கொடை கொடுத்தவர்.

அந்த இன்னொருவர்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் தொடக்கிய சிவபூமி சிறப்புப் பாடசாலை போன்றவை இல்லாவிட்டால் வலிகாமத்தின் எத்தனையோ பிள்ளைகள் வீட்டு விறாந்தையை விட்டு இறங்கியே இருக்கமாட்டார்கள். பெற்றோரின் பாடு இன்னும் பெரிது. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்து செம்மணி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சனநெரிசலில் மிரண்டு நின்ற பிள்ளைகளைத் தோளிலும் சைக்கிளிலும் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். எந்த அமைச்சும் அவர்களுக்குத் துணை வரவில்லை. அந்த உழைப்பால் அவர்களுக்குப் பேசும் உரிமை வந்தது. அதை யாரும் பறிக்கவேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு கதிரை போடவேண்டும் என்பதுதான் கேள்வி.

ஏன் போடவேண்டும் என்பதற்கு இன்றைய அளவெட்டியே போதிய சாட்சி. ஊரில் எந்தத் தாயைக் கேட்டாலும் முதலில் வருவது "எனக்குப் பிறகு ஆர் பார்ப்பினம்?" என்ற கேள்விதான். முன்பு அதற்கு விடை இருந்தது. தமையன் பார்ப்பான், தங்கை பார்ப்பாள், பக்கத்து வளவில் சித்தி இருக்கிறாள். இப்போது தமையன் இலண்டனில், தங்கை மொன்றியலில், சித்தியின் வளவு பூட்டிக் கிடக்கிறது. எழுபது தாண்டிய தாயும் நாற்பது தாண்டிய மகளுமாக எஞ்சிய வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கின்றன. அந்த மகளுடைய எதிர்காலம் தீர்மானிக்கப்படுவது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பில். மூன்று கண்டங்களில் இருக்கும் சகோதரர்கள் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: நல்ல இல்லம் ஒன்றைப் பார்ப்போம், மாதாமாதம் காசு அனுப்புவோம். அன்பில் எடுத்த முடிவுதான். ஆனால் அந்த அழைப்பு நடக்கும் அறையிலேயே அவள் இருக்கிறாள். தொலைபேசி அவளுடைய கைக்குப் போவது "அண்ணாவுக்கு ஹலோ சொல்லு" என்பதற்கு மட்டும்.

தனிக் குடும்பங்களின் முடிவு என்று இதை விட்டுவிட முடியாது. புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் எதற்குப் பணம் திரட்டுகின்றன, கோயில்கள் எதற்குக் காணி ஒதுக்குகின்றன, மாகாணத் திணைக்களம் எதற்கு அனுமதி கொடுக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்தால் அதுதான் எங்கள் பிரதேசத்தின் நடைமுறைக் கொள்கை. எங்கும் எழுதப்படாவிட்டாலும் அதன் போக்கு தெளிவானது: கட்டடம் கட்டுவோம், உள்ளே வைத்துப் பார்ப்போம். சொந்த வீட்டிலேயே இருந்து, அதே கடைக்குப் போய், அதே கும்பிளாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு வாழ ஒரு பகுதிநேர உதவியாளர் போதும் என்று அவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது தெரியவில்லை, ஏனென்றால் கேட்டதில்லை.

இந்த இடத்தில் நியூசிலாந்துக்காரர் ஒருவரின் வாழ்க்கை எங்களுக்கு உதவும். ரொபேர்ட் மார்ட்டின் 1957இல் பிறந்தார். பிறப்பின்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கற்றல் குறைபாடு. சின்னஞ்சிறு வயதிலேயே குடும்பத்திலிருந்து பிரித்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் விட்டார்கள். இளமையின் பெரும்பகுதி அப்படியான இடங்களில் கழிந்தது. சோறும் படுக்கையும் கிடைத்த அந்த இடங்களில் தனக்கென்று ஒன்றும், தன்னை யாரென்று அறிந்த ஒருவரும் இருக்கவில்லை என்பதை அவர் பின்னாளில் உலகம் முழுவதும் போய்ச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம் எழுதப்பட்டபோது பேச்சுவார்த்தை மண்டபத்தில் பேசினார். எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தெரிவு செய்யவும், சமூகத்துக்குள்ளேயே வாழவும் உரிமை தருகிற 19ஆம் உறுப்புரைக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2016இல் அந்தச் சமவாயத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கே உறுப்பினராகத் தெரிவானார். கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் அங்கு தெரிவானது அதுவே முதல் தடவை. உதவிக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஆவணங்களை எளிய மொழியில் கேட்டு வாங்கி, நாடுகளின் அறிக்கைகளை விசாரித்தார். 2024இல் காலமானார். இல்லத்துக்குள் வாழ்ந்தவர் ஒருவர் அந்த மண்டபத்தில் இருந்திராவிட்டால் 19ஆம் உறுப்புரைக்கு அந்த வலு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அதே சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 4ஆம் உறுப்புரையின் 3ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் சட்டங்களையும் கொள்கைகளையும் உருவாக்கும்போது அவர்களுடன் நெருக்கமாகக் கலந்தாலோசித்து அவர்களைப் பங்கெடுக்கச் செய்யவேண்டும் என்கிறது, சிறுவர்களையும் விட்டுவிடவில்லை. பெற்றோரின் அமைப்புகளையும் மாற்றுத்திறனாளிகளின் சொந்த அமைப்புகளையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதைக் கண்காணிப்புக் குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் இலக்கப் பொதுக் கருத்துரை விரிவாகவே பேசுகிறது. எங்களிடம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2003இன் தேசியக் கொள்கை இருக்கிறது. அரச வேலையில் 3 சதவீதம் ஒதுக்கும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் இருக்கிறது. அந்த 3 சதவீதத்துக்குப் பரீட்சைத் தகைமை வேண்டும் என்பதால், சாதாரண தரமே எழுதாத ஒருவருக்கு அது சுவரில் தொங்கும் கலண்டர் படத்துக்குச் சமம்.

எண்ணிக்கையிலும் இவர்கள் மங்கலாகவே தெரிகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் என்று கேள்விகள் போகின்றன. மறதி வந்த எண்பது வயதுப் பாட்டியும் டவுண் சின்ட்ரோம் உள்ள எட்டு வயதுப் பேரனும் ஒரே பெட்டிக்குள் விழுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே கேள்வியே இல்லை. வளர்ச்சிக் குறைபாடு வெளிப்படுவதும் உதவி அதிகம் பயன் தருவதும் அந்த வயதில்தான். எத்தனை பேர் என்று தெரியாமலே திட்டம் போடுகிறார்கள்.

வாக்குரிமையைப் பாருங்கள். சட்டப்படி ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டால் வாக்காளராக இருக்கும் தகுதியை இழப்பார் என்று அரசமைப்பின் 89ஆம் உறுப்புரை சொல்கிறது. அப்படித் தீர்மானிப்பதற்கான கட்டளைச்சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. நீதிமன்றப் படியேறி அப்படித் தீர்ப்பு வாங்கப்பட்டவர்கள் மிகச் சிலர். நடைமுறையில் வாக்கைப் பறிப்பது வீடு. "அவனுக்கென்ன தெரியும்" என்று இடாப்புப் படிவத்தில் பெயரை எழுதாமல் விட்டால் காரியம் முடிந்தது. உதவியாளர் ஒருவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போக 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகிறது. பார்வைக் குறைபாடும் உடற் குறைபாடும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஸ்பெயின் 2018இல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்கிழந்திருந்த சுமார் 1 இலட்சம் பேருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஸ்பெயினில் வல்லடோலிட் நகரசபையில் 2013இலேயே டவுண் சின்ட்ரோம் உள்ள ஆஞ்சலா பச்சிலேர் உறுப்பினராகிவிட்டார். பத்தாண்டு கழித்து, டவுண் சின்ட்ரோம் உள்ள மார் கல்செரான் வலென்சியா பிராந்திய நாடாளுமன்றத்துக்குப் போனார்.

எங்களவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இங்கிலாந்தில் 2001இல் கற்றல் குறைபாடு உள்ளோருக்கான வெள்ளை அறிக்கை வந்தது. அதைத் தயாரிக்கும்போதே அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பின்னர் உள்ளூராட்சிப் பகுதிதோறும் பங்காளர் சபைகள் அமைந்தன. அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அவர்களும் அமர்ந்தார்கள். எல்லாச் சபையும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் தேநீரும் படப்பிடிப்புமாகவே முடிந்தது. ஆனால் கேட்கிற வழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் கேட்காமல் விடுவது கடினமாகிறது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது நாளுக்கு ஒருதரம்தான் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று அங்கே வழிகாட்டல் வந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் இரு குடும்பங்கள் சட்ட நடவடிக்கைக்கு ஆயத்தமானதும், சில வாரங்களுக்குள் ஏப்ரலிலேயே அது திருத்தப்பட்டது. இங்கே மார்ச் 20 முதல் ஊரடங்கு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடந்தால்தான் அமைதியாக இருக்கும் ஒரு இளைஞனுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும்? அவனுக்காக ஒரு பாஸ் கொடுக்கலாம் என்று எந்தக் கூட்டத்தில் யார் சொல்லியிருக்க முடியும்?

இன்னும் கிட்டிய உதாரணம் ஒன்று சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். அளவெட்டி மேளத்துக்குப் பேர்போன ஊர். என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தட்சணாமூர்த்தியின் தவிலையும் சொல்லாமல் ஊர்ப்பெருமை பேச எங்களால் முடியாது. மேளம் வேறு, மேளத்தை நாலு திசையும் கட்டிய ஒலிபெருக்கியால் விடியமுன் அலறவிடுவது வேறு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. திருவிழாக் காலத்தில் அதை எவ்வளவு மதிக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டிசம் உள்ள பலருக்கு அந்தச் சத்தம் உடலில் படும் அடி. காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகிற பிள்ளைகள் உண்டு. பரீட்சைக்குப் படிப்பவரும் நோயாளரும் கைக்குழந்தையும் படுகிற துன்பம்தான். இவர்களுக்குப் பல மடங்கு. திருவிழாவில் ஒலிபெருக்கியின் நேரத்தையும் அளவையும் திட்டமிடும் கூட்டத்துக்கு அப்படி ஒருவரை அழைத்தால், அவர் ஒரு சொல்லும் பேசாமல் காதைப் பொத்திக் காட்டினாலே போதும். அந்த மாற்றத்தால் நன்மை அடைவது முழு ஊரும். தனித் தவிலைக் கேட்க முதல் வரிசையில் வந்து அமர்கிறவரும் அவரேயாக இருக்கலாம்.

கொழும்பில் புதிய உரிமைச் சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழுக்கள் அமைக்க இடந்தருகிறது. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று நாலு. சபை உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் வேறு ஆட்களையும் இவற்றில் சேர்க்கலாம். வலிகாமம் வடக்குப் பிரதேச சபை நினைத்தால் ஒரு தீர்மானத்தால் வளர்ச்சிக் குறைபாடு உள்ள இரண்டு பேரைச் சமூக அபிவிருத்திக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் வேண்டாம், ஒருவர் என்றால் கூட்டத்தில் தனித்துப்போவார், புகைப்படத்துக்கு மட்டும் பயன்படுவார். இரண்டு பேர் என்றால் தங்களுக்குள்ளாவது பேசிக்கொள்வார்கள்.

கூட்டம் நடக்கும் விதமும் மாறவேண்டும். நிகழ்ச்சிநிரலை ஒரு வாரத்துக்கு முன்னரே கொடுக்கவேண்டும். அதுவும் "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கும் கந்தோர்த் தமிழில் வேண்டாம். படத்தோடு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி. எழுத்து வாசிக்க முடியாதவருக்கு வாயால் சொல்லிக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகத் தகவல் கேட்டால் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ளவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. அதே ஒழுங்கு இங்கேயும் பொருந்தும். வீதி பற்றிய பேச்சென்றால் மண்டபத்தை விட்டுவிட்டு வீதிக்கே போய்க் கேட்பது நல்லது. தாய் பக்கத்தில் இருந்தால் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். ஆகவே உதவிக்கு வருபவர் வேறொருவராக இருக்கட்டும்: சிறப்புக் கல்வி ஆசிரியை, அயலவர், அவருக்குப் பிடித்த கடைக்காரர். எல்லோரிடமும் சொற்கள் இராது. சிலர் படத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். எழுந்து போவதையும் கூட்டக் குறிப்பில் பதிவது நல்லது.

"அவர்களுக்கு விளங்குமா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். நியாயமான கேள்விதான். பிரதேச சபையின் பாதீட்டை முழுவதும் விளங்கிக்கொண்டு கை உயர்த்துகிற உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று பதிலுக்குக் கேட்கலாம். கேட்டால் பகைதான் மிஞ்சும், விடுவோம். முழுவதும் விளங்கவேண்டும் என்று எங்களுக்கு வைக்காத நிபந்தனையை அவர்களுக்கு வைப்பது முறையில்லை. தன் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீர், தான் ஏறமுடியாத பஸ், தன் பெயரில் வந்து வேறொருவர் கைக்குப் போகும் கொடுப்பனவு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் பட்டப்படிப்புத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவானது. நல்ல காரியம். அதில் ஒரு ஆயிரத்தையாவது தன் விருப்பப்படி செலவழித்தவர்கள் யார் என்று ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தால், கொள்கை வகுப்பதற்கான முதல் ஆவணம் அதுவாகவே இருக்கும்.

சும்மா பெயருக்கு நியமிப்பார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அதற்கு முன் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பட்டியலை நிரப்பக் கூட்டிவரப்பட்டவர்கள் சிலர் அடுத்தடுத்த கூட்டங்களில் வாய் திறந்தார்கள், சிலர் திறக்கவேயில்லை. ஆனாலும் கதிரை அவர்களுடையதாகிவிட்டது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலம் அது. அத்தனை கதிரைகளில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு எத்தனை கிடைக்கும் என்பதை இங்கிருந்தும் கவனிக்கவேண்டும். பேச்சு வன்மை உள்ளவர்களே எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டால், அங்கேயும் அந்தப் பழைய படிநிலை திரும்பிவரும்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டு வேலைகளைச் சபைகள் ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடிக்கின்றன. அளவெட்டியின் சனசமூக நிலையம் ஒன்றில், பின்னேரம் நாலு மணிக்கு, ஒலிவாங்கி இல்லாமல், ஊரிலுள்ள இப்படியான பத்துப் பேரை அழைத்து ஓர் அமர்வு வைக்க அந்த இடைவெளி போதும். தவிசாளர் வரவேண்டும், வந்து, பேசாமல் ஒரு மணிநேரம் இருக்கவேண்டும். ஓட்டோக் கூலி, உதவிக்கு வருபவரின் அரைநாட் கொடுப்பனவு, படம் போட்ட தாள் அச்சிடும் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஒரு வரவேற்பு வளைவுக்கு ஆகும் காசு முடியாது. கேட்டதில் எது பாதீட்டில் சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்பதை ஜனவரியில் அதே பத்துப் பேருக்கும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஓர் உத்தியோகத்தரை இப்போதே பெயர் குறித்து நியமிக்கவேண்டும்.